ஆங்கிலப் பிரதிப்பெயர்களின் நன்னடத்தை: ஓர் ஆய்வு

ஆய்வேட்டில் ‘நான்’ என்று எழுதக் கூடாது என்பது பல்கலைக்கழக மரபு. எழுதினால் நெறியாளர் சிவப்பு மையால் சுழித்துத் திருப்பி அனுப்புவார். ஆகவே இக்கட்டுரையில் ‘இவ்வாய்வாளர்’ என்று வருமிடமெல்லாம் அந்த ஆள்தான் என்று கொள்க. பிரதிப்பெயர்களைப் பற்றி எழுத உட்கார்ந்தவருக்கு முதல் பிரதிப்பெயரே கிடையாது என்றால், ஆய்வு எந்த லட்சணத்தில் தொடங்குகிறது என்பதை அறிஞருலகம் புரிந்துகொள்ளும்.

கருதுகோள் எளியது. ஆங்கிலப் பிரதிப்பெயர்கள் யார் சொல்லியும் கேட்பதில்லை. இலக்கணக்காரர்களும் நாடாளுமன்றங்களும் தனியார் ஆர்வலர்களும் சொல்லிப் பார்த்து ஓய்ந்துவிட்டார்கள். அவற்றை நம்பித் தேர்வெழுதுகிற நம் பிள்ளைகள் மட்டும் எல்லா விதிக்கும் கட்டுப்பட வேண்டியிருக்கிறது.

முந்தைய ஆய்வுகள் என்று பார்த்தால், நம் பக்கத்தில் ரென் அண்ட் மார்ட்டின் இலக்கண நூலைத் தாண்டி ஒன்றும் சொல்லிவிட முடியாது. அந்த பி. சி. ரென் இந்தியாவில் கல்வித் துறையில் வேலை பார்த்தவர். பிரெஞ்சு அயல்நாட்டுப் படையில் சேர்ந்து பாலைவனத்தில் வதைபடும் சகோதரர்களைப் பற்றி 1924இல் ‘போ ஜெஸ்ட்’ என்ற நாவலை எழுதியவரும் அவரே. நாவலில் பாத்திரங்கள் வதைபட்டன, இலக்கண நூலில் அந்தப் பொறுப்பு வாசகருக்கு மாற்றப்பட்டது.

வகைப்பாட்டைச் சீக்கிரம் முடித்துவிடலாம். ஆளைக் குறிப்பவை: ஐ, யூ, ஹீ, ஷீ, தே. உடைமையைக் காட்டுபவை: மைன், யுவர்ஸ். தன்னையே திரும்பிப் பார்ப்பவை: மைசெல்ஃப், ஹிம்செல்ஃப். கேள்வி கேட்பவை, வாக்கியத்தை ஒட்டுப்போடுபவை, இன்னாரென்று சொல்லாமல் நழுவுபவை என்று இன்னும் சில உண்டு. ‘திஸ்’ பக்கத்தில், ‘தட்’ தூரத்தில். இவன் அவன் என்று பேசிப் பழகியவர்களுக்கு இது அரை நிமிடப் பாடம். இருவர் என்றால் ‘ஈச் அதர்’, அதற்கு மேற்பட்டால் ‘ஒன் அனதர்’ என்று பயிற்சி மையங்களில் தலையெண்ணச் சொல்வார்கள். ஆங்கிலத்தில் நன்றாக எழுதியவர்கள் வெகுகாலமாகவே இந்தத் தலையெண்ணிக்கையை எடுப்பதில்லை.

இனி, இவ்வாய்வாளரைப் பெரிதும் கவர்ந்த 231 விதி. வங்கித் தேர்வுக்கோ எஸ்.எஸ்.சி.க்கோ படித்தவர்களை நடுராத்திரியில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். ‘ஐ’ தன்மை, எனவே 1. ‘யூ’ முன்னிலை, 2. ‘ஹீ’ படர்க்கை, 3. நல்ல காரியம் என்றால் 2-3-1 என்ற வரிசையில் ‘யூ, ஹீ அண்ட் ஐ’ என்று எழுத வேண்டும். குற்றத்தை ஒப்புக்கொள்வதானால் வரிசை 1-2-3: ‘ஐ, யூ அண்ட் ஹீ’. பரிசு வாங்கும்போது கடைசியில் நிற்க வேண்டும், அடி வாங்கும்போது முதலில் நிற்க வேண்டும் என்பது இதன் சாரம். உலகில் வேறெந்த இலக்கண விதியிலாவது இவ்வளவு அறம் அடங்கியிருக்குமா என்பது சந்தேகம். நடைமுறையில் இது எந்த அளவுக்குப் பின்பற்றப்படுகிறது என்று கேட்டால், அலுவலகத்தில் கோப்பு காணாமல் போகும் தருணத்தைக் கவனித்தால் போதும். அப்போது 3 வரும், பிறகு 2 வரும். 1 வருவதே இல்லை.

அந்த 1க்கு, அதாவது ‘ஐ’க்கு, வாக்கியத்தின் நடுவில் வந்தாலும் பெரிய எழுத்துத்தான். வெள்ளைக்காரனுக்குத் தலைக்கனம் என்று இதற்கு விளக்கம் சொல்வோர் உண்டு. உண்மை அவ்வளவு ஆடம்பரமானதல்ல. பழைய ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு வால் ஒன்று இருந்தது. வால் தேய்ந்து ஒற்றைக் கோடாக நின்றபோது, கையெழுத்துப் படிகளில் பக்கத்து எழுத்துகளோடு சேர்ந்து காணாமல் போனது. போகாதிருக்க நெட்டையாக எழுதினார்கள். பயத்தில் நிமிர்ந்ததைக் கர்வம் என்று நினைத்துவிட்டோம்.

‘ஐ’ எங்கே, ‘மீ’ எங்கே என்பதில் பள்ளிக்கூடமே ஒரு நோயைப் பரப்பியிருக்கிறது. ‘மீ அண்ட் ரவி வென்ட்’ என்று சொன்ன பிள்ளையை அதட்டி ‘ரவி அண்ட் ஐ’ என்று திருத்துகிறார்கள். பிள்ளைக்கு ‘மீ’ என்றாலே கெட்ட வார்த்தை என்று பதிந்துபோகிறது. வளர்ந்து மேலாளரான பிறகு ‘பிட்வீன் யூ அண்ட் ஐ’ என்கிறது. சொல்ல வேண்டியது ‘பிட்வீன் யூ அண்ட் மீ’. இன்னும் சிலர் இரண்டுக்கும் பயந்து ‘ப்ளீஸ் கான்டாக்ட் மைசெல்ஃப்’ என்று நடுவே ஒதுங்குகிறார்கள். நேர்முகத் தேர்வில் ‘மைசெல்ஃப் ரவி’ என்று ஆரம்பிப்பதும் இந்த ஒதுங்கலே. ரவி ஏற்கனவே வாக்கியத்தில் இருந்தால்தான் ‘ஹிம்செல்ஃப்’ என்று தன்னைத் திரும்பிப் பார்க்க முடியும். இதற்கெல்லாம் ஒரே சோதனைதான்: கூட நிற்கும் ஆளை வாக்கியத்திலிருந்து வெளியே அனுப்பிவிடுங்கள். ‘தி மேனேஜர் கால்டு ரவி அண்ட் ஐ’ என்பதில் ரவியை அனுப்பினால் ‘கால்டு ஐ’ என்று இளிக்கும். இருக்க வேண்டியது ‘மீ’.

அடுத்து ‘ஹீ’. இந்தச் சிறு சொல்லுக்கு இருக்கும் சட்டப் பாதுகாப்பு பல மனிதர்களுக்கே கிடையாது. பொதுவாக யாரையாவது குறிக்க வேண்டுமானால் ‘ஹீ’ போதும், அதில் பெண்ணும் அடக்கம் என்று இலக்கண நூலில் எழுதியவர்களில் முன்னோடி ஒரு பெண்மணி. 18ஆம் நூற்றாண்டின் நடுவில் நியூகாசிலில் பள்ளி நடத்திய ஆன் ஃபிஷர். 1850இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் சட்டங்களில் ஆண்பால் சொற்கள் பெண்களையும் குறிக்கும் என்று ஒரு சட்டமே போட்டது. 1860இன் இந்தியத் தண்டனைச் சட்டம் 8ஆம் பிரிவில் இதையே ‘ஹீ’யைப் பேர் சொல்லிக் குறிப்பிட்டது. ஆக, ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாக இந்நாட்டுப் பெண்கள் செய்த திருட்டையும் மோசடியையும் சட்டப் புத்தகத்தில் ‘ஹீ’தான் செய்துகொண்டிருந்தான். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலிருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் இந்த வரையறை திருநரையும் சேர்த்துக்கொண்டு விரிந்திருக்கிறது. சொல் மட்டும் அதே ‘ஹீ’.

இந்தச் சுமையை இறக்கிவைக்கப் புதுச்சொல் செய்தவர்களும் உண்டு. அமெரிக்க வழக்கறிஞரும் கீர்த்தனை மெட்டுகள் அமைத்தவருமான சார்லஸ் கான்வர்ஸ், 1884இல் ‘தான்’ என்று ஒரு பிரதிப்பெயரை முன்வைத்தார். ‘தட்’டும் ‘ஒன்’னும் சேர்த்துப் பிசைந்தது, நம்முடைய ‘தான்’ அல்ல. 1934இன் வெப்ஸ்டர் பேரகராதியில் இடம்கூடப் பிடித்தது. 1961 பதிப்பில் இடத்தைக் காலி செய்தது. யாரும் கூப்பிடாத பிரதிப்பெயர் எத்தனை நாள்தான் அகராதியில் உட்கார்ந்திருக்கும்?

மக்கள் கூப்பிட்டது ‘தே’யை. இது ஆங்கிலத்தின் சொந்தப் பிள்ளைகூட அல்ல, வைக்கிங்குகளோடு வந்து இறங்கியது. பன்மைச் சொல்லான இதை ஒருவரைக் குறிக்கவும் 14ஆம் நூற்றாண்டிலிருந்து எழுதிவருகிறார்கள். 18ஆம் நூற்றாண்டில் இலக்கணக்காரர்கள் தடை போட்டார்கள், ஜனங்கள் காதில் வாங்கவில்லை. 2019இல் மெரியம்-வெப்ஸ்டர் இதையே அவ்வாண்டின் சொல்லாக அறிவித்தது. ஒருமைக்குப் பன்மையா என்று இன்றும் கொதிப்பவர்கள் ‘யூ’வை யோசிக்க வேண்டும். ஒருகாலத்தில் ஒருவரிடம் ‘தவ்’ என்றும், பலரிடமும் பெரியவர்களிடமும் ‘யூ’ என்றும் பேசினார்கள். மரியாதை பெருகிப் பெருகி ‘தவ்’வுக்கு ஆளில்லாமல் போயிற்று. 17ஆம் நூற்றாண்டில் குவேக்கர்கள் என்ற கிறித்தவப் பிரிவினர் மட்டும், மனிதரில் உயர்வு தாழ்வு ஏது என்று பெரிய மனிதர்களையும் ‘தவ்’ என்றே விளித்து வசவும் வழக்கும் வாங்கினார்கள்.

தமிழ் பேசுகிறவருக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ‘யாரோ கதவைத் தட்டுறாங்க, யாருன்னு பாரு’ என்கிறோம். வெளியே நிற்பது ஒரே ஆள். ஆணா பெண்ணா தெரியாது, கூரியர் பையனாகவும் இருக்கலாம், கடன் கேட்க வந்த சித்தியாகவும் இருக்கலாம். அதே வீட்டுப் பிள்ளை தேர்வுத்தாளில் ‘சம்படி ஹேஸ் லெஃப்ட் ஹிஸ் அம்ப்ரெல்லா’ என்று எழுதினால்தான் மதிப்பெண். குடையை விட்டுப்போனது சித்தி என்று தெரிந்தாலும் ‘ஹிஸ்’தான் பாதுகாப்பு. மின்னஞ்சலில் தாராளமாக ‘தேர்’ என்று எழுதலாம், யாரும் மதிப்பெண் குறைக்கப்போவதில்லை.

‘இட்’ பற்றி இவ்வாய்வாளருக்கு ஒரு புகார் உண்டு. ‘இட் இஸ் ரெய்னிங்.’ எது பெய்கிறது? நூறுநாள் வேலைப் பட்டியலில் பெயர் மட்டும் இருந்து, வரப்புப் பக்கமே வராத ஆள் மாதிரி, எழுவாய் இடத்தில் சும்மா உட்கார்ந்திருக்கிறது இந்த ‘இட்’. ஆங்கிலத்தில் எழுவாய் இல்லாமல் வாக்கியம் நிற்காது, அதற்காக ஒன்றை உட்காரவைத்திருக்கிறார்கள். உடைமை என்று வரும்போது இது இன்னும் தொல்லை. மேற்குறி இல்லாத ‘இட்ஸ்’ என்றால் அதனுடைய. மேற்குறி போட்டால் ‘இட் இஸ்’. ‘ஹிஸ்’ஸுக்கு மேற்குறி இல்லை, ‘ஹெர்ஸ்’ஸுக்கு இல்லை, அதேபோல இதற்கும் இல்லை என்று நினைவு வைத்துக்கொண்டால் பிழைத்தோம். பழைய ஆங்கிலத்தில் இதற்குத் தனி உடைமைச் சொல்லே கிடையாது, ‘ஹிஸ்’ஸையே இரவல் வாங்கி ஓட்டினார்கள்.

மிஞ்சியிருப்பது ‘ஹூம்’. பதிலில் ‘ஹிம்’ வந்தால் கேள்வியில் ‘ஹூம்’, ‘ஹீ’ வந்தால் ‘ஹூ’. மகரத்துக்கு மகரம். விதி இவ்வளவே. தேர்வில் இதற்கு ஒரு மதிப்பெண் நிச்சயம். ஆனால் வந்த போனை எடுத்து ‘ஹூம் டூ யூ வான்ட்?’ என்று சுத்தமாகக் கேட்டுப் பாருங்கள், எதிர்முனையில் இருப்பவர் ராங் நம்பர் என்று வைத்துவிடுவார்.