முடியைப் பிடுங்கு தாயி, தோலை விட்டுரு

வா தாயி, வந்து உக்காரு. மதுரையில தங்கிப் படிச்சு, சட்டம் போட்ட சர்டிபிகேட்டும் வாங்கியாந்துட்டே. எங்க காலத்துல ஒருத்தனைப் பாத்து ‘என்னத்தைப் பிடுங்கினே’ன்னு கேட்டா வெட்டுக்குத்தாகிப் போகும். இப்ப அதுக்கே பரிச்சை வெச்சுப் பட்டம் குடுக்குறாக. நல்லா இரு.

ஒங்கம்மா பார்லர் வாசல்ல வெத்தலை இடிக்கிற கிழவிக்கு என்ன தெரியும்னு சிரிக்காதே. திரைக்குப் பின்னால எவ கத்துறா, எவ கத்தாம வர்றான்னு என் காதுக்குத் தெரியும். கத்தினவ அடுத்த மாசம் எதுத்த கடைக்குப் போறதும் என் கண்ணுக்குத் தெரியும்.

மெழுகு டப்பாவைத் தொறக்குறதுக்கு முன்னாடி வாயைத் தொற. மொகப்பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிட்டாளான்னு கேளு. நிறுத்தி 6 மாசமாவது ஆகலேன்னா வேக்ஸிங் வேணாம்னு அனுப்பிரு. மேல்தோலு முடியோட சேந்து உரிஞ்சு வந்துரும். ராத்திரி பூசுற ரெட்டினால், அடாபலீன் கிரீமும் அப்படித்தான். ஒரு வாரம் நிறுத்திட்டு வரச் சொல்லு. இதெல்லாம் கேட்டா சொல்லிருவாளுக. செவப்பாகணும்னு சீட்டு இல்லாம மருந்துக்கடையில வாங்கி அப்புறாளுகளே ஸ்டீராய்டு கிரீம், அதைத்தான் ஒருத்தியும் ஒத்துக்க மாட்டா. தோலை மெலிசாக்கிப்புடும் அந்தச் சனியன். நேராக் கேக்காதே. ‘மூஞ்சி இம்புட்டு மின்னுதே, என்ன பூசுறே, எனக்கும் சொல்லேன்’னு கேளு. பெருமையில பேரு, விலை, கடை எல்லாத்தையும் கக்கிருவா. கக்கினதும் அவ மேலுதட்டுப் பக்கமே போகாதே.

புதுசா வந்தவளுக்கு முன்கை உள்பக்கம் துளி மெழுகு வெச்சு எடுத்துட்டு, ஒரு நாள் கழிச்சு வரச் சொல்லு. நெறைய மெழுகுல பைன் மரத்துப் பிசினு கெடக்கு. சிலருக்கு ஒத்துக்காம தடிச்சுப் போகும். விடிஞ்சா கல்யாணம்னு வந்து நிப்பா ஒருத்தி. அவளுக்கு முதல் தடவையா மொகத்துல மெழுகு வெச்சேன்னா, போட்டோவுல மாப்பிள்ளையை விட அவ தடிப்புத்தான் முன்னால நிக்கும்.

முடி ஒரு அரிசி நீளம் இருக்கணும், 5, 6 மில்லிமீட்டர். கொறைஞ்சா மெழுகுக்குப் பிடி கெடைக்காது. பாதியில அத்துக்கிட்டுத் தோலுக்குள்ளயே சுருண்டு வளரும். போன வாரம் சவரம் பண்ணினவ இன்னும் ரெண்டு வாரம் பொறுக்கட்டும்.

கை காலுக்குத் துணிப்பட்டை வெச்சு இழுக்குற சாதா மெழுகு போதும். பவுடர் போட்டு வேர்வையைப் போக்கிக்க. கக்கம், மேலுதடு, அந்தரங்கமான எடம்னா ஹார்டு வேக்ஸ். பட்டை வேணாம், காஞ்சதும் அதையே பிடிச்சு இழுக்கலாம். அது முடியைக் கவ்வும், தோலை அம்புட்டு ஒட்டாது. அடியில லேசா எண்ணெய் பூசிக்க. சூட்டை ஒன் மணிக்கட்டுல வெச்சுப் பாத்துட்டு அப்பறம் அவ மேல வை.

இழுக்குறதுலதான் இருக்கு சூட்சுமம். பாவம் புள்ளைன்னு மெதுவா இழுப்பா பாரு, அவதான் கொலைகாரி. முடி சாஞ்ச வாக்குல தடவு. இன்னொரு கையால தோலை விறைப்பாப் பிடிச்சுக்கிட்டு, எதிர்வாக்குல, ஒடம்பை ஒட்டினாப்புல ஒரே இழுப்பு. வானத்தைப் பாத்துத் தூக்கினா கன்னிப்போகும். இழுத்த கையோட உள்ளங்கையை வெச்சு அமுக்கு. பாதி வலி அங்கேயே செத்துரும். கக்கத்து முடி ஆளுக்கொரு தெசையில சாஞ்சிருக்கும், நம்ம பங்காளிக மாதிரி. அங்க கொஞ்சங் கொஞ்சமா எடு. மிஞ்சின ஒண்ணு ரெண்டுக்காக அதே எடத்துல மறுபடி மறுபடி அப்பாதே. ப்ளக்கர் எதுக்கு இருக்கு?

தடவின குச்சியைத் திரும்ப டப்பாவுல விட்டேன்னா எனக்குக் கெட்ட கோவம் வரும். ஒருத்தி ஒடம்புல இருக்குற கிருமி அடுத்தவளுக்குப் போகும். ஒங்கம்மா குச்சிக் காசை மிச்சம் பிடிக்கச் சொல்லுவா. போன பங்குனியில சோத்துக் கையை ஊறுகா ஜாடிக்குள்ள விட்டேன்னு அவ தெருவைக் கூட்டினாளே, அதை ஞாபகப்படுத்து.

முடிஞ்சதும் குளுந்த துணி ஒத்தி, கத்தாழை ஜெல் பூசி அனுப்பு. அன்னிக்கு ஒரு நாளாச்சும் வெந்நி, இறுக்கமான உடுப்பு, கக்கத்துக்கு அடிக்கிற சென்ட், உச்சி வெயில் எதுவும் ஆகாது. கடலை மாவு போட்டுத் தேய்க்கிறதெல்லாம் ரெண்டு மூணு நாளைக்கு அப்பறம். வீட்டுல என்னைய மாதிரி ஒரு கிழவி ‘பச்சை மஞ்சளை அரைச்சு அப்பு’ன்னு வந்தா, அவளைத் திண்ணைக்கு அனுப்பிட்டுக் கதவைச் சாத்தச் சொல்லு.

சரி, இங்க பாரு, மோவாயில ரெண்டு முடி நீட்டிக்கிட்டு நிக்குது. மெழுகுப் பக்கம் கையைக் கொண்டு போகாதே. ரத்தம் கட்டாம இருக்க நான் மாத்திரை சாப்பிடுறேன். பாத்தியா, கேக்க மறந்துட்டே! ப்ளக்கரை எடுத்தா. காசை ஒங்கம்மா கணக்குல எழுதிக்க.