வேகாபிமானி

உலகத்தில் அபிமானிகள் பல திறத்தினர். சங்கீதாபிமானி உண்டு, தேசாபிமானி உண்டு, காப்பிப் பொடியில் சிக்கரி ஒரு சிட்டிகை கூடிவிட்டாலும் டபராவைத் தள்ளி வைத்துவிடுகிற காப்பி அபிமானியும் உண்டு. இவர்களை நம் தகப்பனார்களும் பாட்டனார்களும் கண்டு பழகியிருக்கிறார்கள். ஆதலால் இவர்களைச் சமாளிக்கும் உபாயங்களும் பரம்பரைச் சொத்தாக நம் கைக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. ஆனால், மேசைக் கம்ப்யூட்டரின் வயிற்றுக்குள்ளே, விசிறிகளுக்கும் வயர்களுக்கும் நடுவில் செருகிக் கிடக்கும் சாண் நீளம்கூட இல்லாத ரேம் பலகையானது, தன் அட்டைப்பெட்டியில் அச்சிட்ட வேகத்தில் ஓடுகிறதா, ஓடினாலும் இடறாமல் ஓடுகிறதா என்ற ஒரே விசாரத்தில் ஆயுளின் நல்ல பகுதியைச் செலவிடுகிற வேகாபிமானி, நம் காலத்துக்கே உரிய நூதன சிருஷ்டி. இவருக்கு இன்னும் எந்தப் பாட்டியும் கைவைத்தியம் கண்டுபிடிக்கவில்லை.

பார்த்த மாத்திரத்தில் இவரை அடையாளம் கண்டுகொள்ள முடியாது. அரும்பு மீசையும் கம்ப்யூட்டர் விளையாட்டுமாக இருக்கிற வாலிபரைத் தேடிப் போனீர்களானால் ஏமாந்து திரும்புவீர்கள். எங்கள் குடியிருப்பில் மூன்றாம் மாடியில் வசிக்கும் வேகாபிமானி ஐம்பதைக் கடந்தவர். ஒரு கம்பெனியில் கணக்கு மேலாளர். பஸ் கண்டக்டர் சில்லறை பாக்கி வைத்தாலும் சிரித்துக்கொண்டே இறங்கிவிடும் சாது. அப்படிப்பட்டவர், புதுக் கம்ப்யூட்டரில் ஒரு ஜோடி ரேமைச் செருகித் திரையை நோக்கியபோது, பெட்டியின்மேல் 6000 என்று பளபளவென்று பொறித்திருக்க, விண்டோஸோ 4800 என்று சற்றும் கூச்சமின்றித் தெரிவித்ததைக் கண்டார். பாக்கி 1200 எங்கே என்று கேட்டார். கணக்கர் அல்லவா?

உண்மையில் அதில் வஞ்சனை ஏதும் இல்லை. டிடிஆர்5 வகை ரேம் கண் விழிக்கும்போது ஜெடெக் என்னும் தர நிர்ணய சபை வகுத்த பொது வேகத்தில்தான் விழிக்கும். பெரும்பாலும் அது 4800, அதற்கு 1.1 வோல்ட் போதும். விற்றவர் வாக்களித்த 6000 என்பது, அதற்கு வேண்டிய 1.35 வோல்ட் முதலான நியமங்களோடு, பலகையின் மேலுள்ள சின்னஞ்சிறு சிப் ஒன்றில் தனிச் சாசனமாக எழுதப்பட்டிருக்கும். இன்டெல் 2007-இல் எக்ஸ்எம்பி என்றும், ஏஎம்டி 2022-இல் எக்ஸ்போ என்றும் நாமகரணம் செய்த அந்தச் சாசனம், யாரேனும் பயாஸ் என்னும் தொடக்க நிரலுக்குள் புகுந்து அமல்படுத்தினாலன்றி அமலுக்கு வராது. நண்பர் புகுந்தார், அமல்படுத்தினார், 6000 வந்தது. சாமானிய மனிதர் அந்த இடத்தில் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போயிருப்பார். நண்பரோ, மதர்போர்டில் இன்னும் இரண்டு ஸ்லாட்டுகள் சும்மா கிடப்பதைக் கவனித்தார். காலி இடத்தைக் கண்டால் பொறுக்காத ஜாதி நாம். நம் வீட்டுப் பரண்களே சாட்சி. அடுத்த சனிக்கிழமை ரிச்சி தெருவுக்குப் போய், அதே கம்பெனி, அதே நம்பர், இன்னொரு ஜோடி வாங்கி வந்து நான்கையும் நிரப்பினார். திரை இருண்டது.

மறு வாரம் அவருடன் அதே கடைக்கு நானும் போயிருந்தேன்.

"நாலு ஸ்டிக் போட்டா ஆறாயிரம் நிக்காது சார். ரெண்ட கழட்டிடுங்க, இல்லேன்னா ஸ்பீட கொறைச்சுக்குங்க."

"பெட்டியில ஆறாயிரம்னு போட்டிருக்கே?"

"ஒரு பெட்டிக்கு ஆறாயிரம் சார். ரெண்டு பெட்டிக்குன்னு எங்க போட்டிருக்கு?"

இதைக் காட்டிலும் சாஸ்திரோக்தமான விடையை எந்த எஞ்சினீயரும் சொல்லியிருக்க முடியாது. 6000 என்றால் ஒவ்வொரு தடத்திலும் விநாடிக்கு அறுநூறு கோடி துடிப்புகள். ஒரு துடிப்புக்குக் கிடைக்கும் அவகாசத்தில் சாக்ஷாத் ஒளியே ஐந்து சென்டிமீட்டர் தூரம்தான் போக முடியும். அத்தனை குறுகிய அவகாசத்தில், ஒரே தடத்தில் இரண்டு பலகைகள் தொங்குமானால், ஒன்றை நாடிச் செல்லும் சமிக்ஞை மற்றதில் முட்டி எதிரொலித்துத் திரும்பி, பின்னால் வருவதையும் கலக்கிவிடுகிறது. இது தெரிந்தே ஏஎம்டி, தன் ரைசன் 7000 ப்ராஸஸர் வரிசைக்கு வெளியிட்ட அட்டவணையில், இரண்டு பலகைகளுக்கு 5200 என்றும் நான்குக்கு 3600 என்றும் அடக்கமாகக் குறித்திருக்கிறது. 6000 என்பது ரேம் விற்றவரின் வாக்கு. ப்ராஸஸர் அந்தப் பத்திரத்தில் கையெழுத்திடவே இல்லை. கல்யாணத் தரகர் சொன்ன சம்பளத்தை மாப்பிள்ளையிடம் கேட்டு வழக்காடுவதில் எவ்வளவு நியாயம் உண்டோ, அவ்வளவு நியாயமே நண்பரின் கட்சியிலும் இருந்தது. ஆயினும் அவர் வீட்டுக்கு வந்து பக்கத் தகட்டைக் கழற்றி வைத்துவிட்டு வழக்கைத் தொடர்ந்தார்.

அவர் வழக்காடும் அழகை அருகிலிருந்து பார்க்க வேண்டும். பொத்தானை அமுக்குவார், விசிறிகள் சுழலும், மதர்போர்டின் ஓரத்தில் ரேமுக்குரிய ஆரஞ்சு விளக்கு எரியும், திரையில் ஒன்றும் இராது. உள்ளே 'டிரெயினிங்' நடக்கிறது. அதாவது, ப்ராஸஸர் மாதிரித் துடிப்புகளை அனுப்பி, அவை சரியாகத் திரும்பி வருகின்றனவா என்று பார்த்துப் பார்த்து, ஒவ்வொரு தடத்துக்கும் ஏற்ற தருணத்தை நிர்ணயித்துக்கொண்டிருக்கிறது. நான்கு பலகைகள் என்றால் இது நிமிஷக் கணக்கில் நீளும். அந்த நிமிஷங்களில் நண்பர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, பிரசவ அறைக்கு வெளியே நிற்கிறவர் மாதிரி நிற்பார். "ஏங்க, கரண்ட் பில்லுக்கு இன்னிக்குத்தான் கடைசி நாள்" என்று உள்ளிருந்து அம்மாளின் குரல் வரும். "கொஞ்சம் இரு, இப்ப அணைச்சா எல்லாம் முதல்லேருந்து" என்பார் இவர். அம்மாள் தம் செல்போனிலேயே பில்லைக் கட்டிவிட்டு வந்து வெங்காயம் நறுக்கத் தொடங்கிய பிறகும் ஆரஞ்சு விளக்கு எரிந்துகொண்டிருக்கும். பிறகு நண்பர், காசு போன்ற சிறு பேட்டரியை நகத்தால் நெம்பி எடுத்து, பயாஸின் நினைவை அழித்து, இன்ஷூரன்ஸ் கம்பெனி கொடுத்த டைரியில் பற்று வரவு போலக் கோடு கிழித்து, 1.36 வோல்ட், தோல்வி என்று பதிவு செய்வார். அடுத்த வரியில் 1.37. ஆனால் ப்ராஸஸரின் 'எஸ்ஓசி' மின்னழுத்தத்தை மட்டும் 1.3-க்கு மேல் ஏற்றமாட்டார். 2023-இல் சில சிப்புகள் கருகிப்போனதையொட்டி ஏஎம்டியே விதித்த வரம்பு அது. சாதுவுக்கும் உயிர்ப்பயம் உண்டு.

திரை தெரிந்துவிட்டால் வழக்கு முடிந்தது என்று நினைக்கிறவர்கள் வேகாபிமானியை அறியாதவர்கள். ஓடுவது வேறு, ஸ்திரமாக ஓடுவது வேறு. 1994-இல் கிறிஸ் பிரேடி என்பவர் எழுதிய நிரலின் வழிவந்த மெம்டெஸ்ட்86-ஐ அவர் இரவு உறங்கப் போகுமுன் ஏவிவிடுவார். ரேமின் ஒவ்வொரு அறையிலும் எழுதி, படித்து, மாற்றி எழுதி, மறுபடி படித்து, 64 ஜிபியையும் நான்கு முறை வலம் வருவதற்குள் பொழுது விடிந்துவிடும். இடையில் ஒரு சிவப்பு வரி தோன்றினால் குற்றம் நிச்சயம். தோன்றாவிட்டால்? குற்றம் காணப்படவில்லை என்பதுதான் தெரியும். குற்றமே இல்லை என்று எப்படிச் சொல்வது? காணாமையைக் கொண்டு இன்மையை அறிவது தனியொரு பிரமாணம் ஆகுமா என்று பாட்ட மீமாம்சகர்களும் நையாயிகர்களும் நூற்றாண்டுக் கணக்கில் தர்க்கம் செய்தார்கள். அவர்களுக்கெல்லாம் விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து லுங்கியோடு வந்து திரையை எட்டிப்பார்க்கும் நிர்ப்பந்தம் இருக்கவில்லை, அந்தவகையில் பாக்கியவான்கள்.

இரவில் தேறிய ரேம் பகலில் தோற்பதும் உண்டு. ஒவ்வொரு பிட்டும் அணுவளவு மின்னேற்றமாகக் கசியும் பாத்திரத்தில் நிற்கிறது. டிடிஆர்5-இல் 32 மில்லி விநாடிக்கு ஒருமுறை அதை நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும். சூடு ஏற ஏறக் கசிவும் ஏறும். சித்திரை மாதத்துச் சென்னையில் இது என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. நண்பர் வீட்டு டேபிள் ஃபேன் இப்போது மனிதர் யாருக்கும் வீசுவதில்லை.

இவ்வளவுக்கும் பலன் என்ன என்று கேட்கலாம். 4800-இல் வழக்கமான 40 சுற்றுத் தாமதம் 16.67 நானோவிநாடி, 6000-இல் 30 சுற்று என்றால் சரியாகப் பத்து. சில விளையாட்டுகளில் இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நண்பர் தம் கம்ப்யூட்டரில் செய்வது வருமான வரிக் கணக்கும், ஜி.என்.பி.யின் பழைய கச்சேரிப் பதிவுகளைக் கேட்பதும். மிச்சப்பட்ட ஏறக்குறைய ஆறே முக்கால் நானோவிநாடியால் ஜி.என்.பி.யின் பிருகாக்களுக்குப் புதிதாக வேகம் எதுவும் கூடியதாக எனக்குப் படவில்லை. அவருக்கு முன்பே போதுமான அளவு இருந்தது.

போன மாதம் ஒரு நாள் காலை, பல் துலக்குமுன்பே நண்பர் படியிறங்கி வந்து என் கதவைத் தட்டினார். நான்கு பலகைகள், 6000, நான்கு சுற்று, பிழை பூஜ்யம். திரையைச் செல்போனில் படம் பிடித்து வைத்திருந்தார். பேரன் பிறந்த செய்தியைக்கூட அவர் இவ்வளவு பரவசத்தோடு சொன்னதில்லை. அன்றைக்கு அவர் வீட்டில் பாயசம். சாயங்காலமே மதர்போர்டு கம்பெனி புதிய பயாஸ் ஒன்றை வெளியிட்டது; ரேம் இணக்கம் மேம்படுத்தப்பட்டுள்ளது என்று அதில் ஒரு வரி. ஏற்றினால் பழைய அமைப்புகள் எல்லாம் அழிந்துபோகும். நான் போனபோது அவர் அதை இறக்கிக்கொண்டிருந்தார். தம் அலுவலகம் கொடுத்த பழைய லேப்டாப்பில். வேலை, கடிதம், பாங்குக் கணக்கு யாவும் அவர் செய்வது அதில்தான். ரேம் போர்டோடு சேர்த்துப் பற்றவைக்கப்பட்டது; கழற்றவும் முடியாது, மாற்றவும் முடியாது; இதுவரை ஒருநாளும் அது தகராறு செய்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. "இதுல ரேம் என்ன ஸ்பீட்?" என்று கேட்டேன்.

"இதுலயா?" என்று அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தெரியலையே சார்."