காது கேட்டவர்களின் தீர்மானம்

1880 செப்டம்பரில் இத்தாலியின் மிலான் நகரில் ஒரு மாநாடு. காது கேளாத பிள்ளைகளுக்கு எப்படிப் பாடம் சொல்லித்தருவது என்று முடிவு செய்யக் கூடினார்கள். வந்த பிரதிநிதிகள் 164 பேர். அவர்களில் காது கேளாதவர் ஒரே ஒருவர், அமெரிக்க ஆசிரியர் ஜேம்ஸ் டெனிசன். பெண்ணையும் மாப்பிள்ளையையும் கேட்காமலே நிச்சயித்த கல்யாணம்தான்!

சைகை மொழியைவிட வாய்ப்பேச்சே உசத்தி என்று தீர்மானம் நிறைவேறியது. எதிர்த்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். விரலுக்கு அங்கே கிடைத்த ஒரே வேலை அதுதான்.

அப்புறம் ஐரோப்பியப் பள்ளிகள் பலவற்றில் சைகைக்குத் தடை. பிள்ளைகள் வாத்தியாரின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். காது கேளாத ஆசிரியர்கள் பலருக்கு வேலையே போயிற்று.

நன்றாகக் காது கேட்கிறவர்களுக்கு விஷயம் போய்ச்சேர 130 ஆண்டுகள் பிடித்தன. 2010இல், கனடாவின் வான்கூவரில் கூடிய அதே மாநாட்டு வரிசையில்தான் மிலான் தீர்மானங்களை நிராகரித்து வருத்தமும் தெரிவித்தார்கள்.