நடுப்பக்கத்தில் ஒரு வேலைநிறுத்தம்

கிள்ளான் ரப்பர் தோட்டத் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்துக்கு நடுப்பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று கேட்டபோது எனக்குப் புல்லரித்தது. எண்பது வருடம் தாண்டியாவது! ஒரு தொலைக்காட்சி நிலையம் அந்த 1941 வேலைநிறுத்தம் பற்றி ஆவணப்படம் எடுத்திருக்கிறது. அது ஒளிபரப்பாகும் முன் ஒரு மாத இதழில் இரண்டு பக்கம் வர வேண்டும். பக்கம் கட்டும் வேலை எனக்கு. பிரிக்பீல்ட்ஸில், துன் சம்பந்தன் சாலைக்குப் பின்சந்தில், வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடி என் அறை. நான் கட்டும் பக்கம் எதுவானாலும் மீன் குழம்பு வாடையோடுதான் அச்சுக்குப் போகும்.

கூட்டத்தில் ஏழு பேர் இருந்தோம். நிலையத்தின் விளம்பரப் பிரிவிலிருந்து மூன்று பேர், இதழிலிருந்து இரண்டு பேர், பணம் போடும் வீடமைப்பு நிறுவனத்திலிருந்து ஒருவர், கடைசியாக நான். படத்தை இயக்கிய தம்பியைக் காணோம். கேட்டேன். “அவரு ரொம்ப எமோஷனல்ணே, கூப்பிடல” என்றது விளம்பரப் பிரிவு.

முதல் முடிவு தொகுப்பாளினியின் முகம் பற்றியது. நடுப்பக்கத்தின் மத்தியில் இரண்டு கம்பி ஊசி குத்துவார்கள். அது முகத்தில் விழக்கூடாது; எனவே முகம் வலப்பக்கம் முழுக்க. அப்படியானால் ஊசி எங்கே விழும்? கணினியில் பக்கத்தை விரித்துப் பார்த்தேன். இடப்பக்கத்தின் உள் ஓரத்தில், பழைய கறுப்பு வெள்ளைப் படத்தில், கோவணத்தோடு வரிசையாக நிற்கும் பால்மரத் தொழிலாளர்களில் இருவரின் நெஞ்சில். “பரவால்லண்ணே, அவங்க பேக்ரவுண்ட்தானே” என்றார்கள். 1941 மே மாதம் அவர்கள் கூட்டத்தார் நெஞ்சில் ஒருமுறை ஈயம் பாய்ந்தது. இப்போது கம்பி.

அந்த மே மாதத்தில் நடந்ததை ஒரு பத்தியில் எழுதித் தந்திருந்தேன். கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தை நடத்திய ஆர். எச். நாதன், தமிழ் நேசனில் துணையாசிரியராக இருந்தவர். அவரைப் பிடித்து அடைத்தார்கள். விடச் சொல்லித் தோட்டம் தோட்டமாக வேலை நின்றது. சிலாங்கூரில் அவசரநிலை அறிவித்துப் பட்டாளத்தை இறக்கினார்கள், அதுவும் இந்தியச் சிப்பாய்களை. ஐந்து பேர் செத்தார்கள். நூற்றுக்கணக்கானவர்களைக் கைது செய்தார்கள். நாதனைக் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பினார்கள். அவர் வேலை பார்த்த பத்திரிகை 1924இல் தொடங்கி 2019இல் மூடப்பட்டது. அதுவாவது இருந்திருந்தால் இந்தப் பத்தியை எங்காவது ஒரு மூலையில் போட்டிருக்கும். இங்கே என் பத்தி திரும்பி வந்தபோது இப்படி இருந்தது: “சவால்கள் நிறைந்த காலகட்டத்தில் நம் முன்னோர் மேற்கொண்ட உணர்ச்சிமிகு பயணம்.” பயணம் போனவர் நாதன் ஒருவர்தான். அதுவும் போலீஸ் காவலோடு.

வேலைநிறுத்தம் என்ற சொல்லே கூடாதாம். பணம் போடும் நிறுவனம், ரப்பர் மரம் நின்ற மண்ணில் வேலி போட்ட வீடுகள் கட்டி விற்கிறது. வீடு வாங்க வருகிறவர் மனத்தில் தோட்டம் என்றால் பச்சை வரவேண்டும், சிவப்பு வரக்கூடாது.

சரி, அவர்களுடைய கோரிக்கைகளையாவது ஒரு கட்டத்தில் போடலாமே என்றேன். ஒவ்வொன்றாக வாசித்தேன். சீனத் தொழிலாளிக்குத் தரும் கூலியை எங்களுக்கும் கொடு. “இனம் வருதுண்ணே, தொட வேணாம்.” துரைகளும் கறுப்புத் துரைகளும் எங்கள் பெண்கள்மேல் கை வைப்பதை நிறுத்து. “குடும்ப இதழ்ணே.” கள்ளுக்கடையை மூடு. இதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. பின்னட்டை பீர் விளம்பரம் என்பது எனக்குப் பிறகுதான் ஞாபகம் வந்தது. பிள்ளைகளுக்கு ஒழுங்கான படிப்புக் கொடு, மருந்து கொடு. “இது ஓகே, ஆனா ரொம்ப சோகமா இருக்கு.” பத்து, பன்னிரண்டு மணி நேரம் வேலை வாங்காதே. இதை நான் வாசித்தபோது இரவு மணி ஒன்பதரை. காலையில் பத்து மணிக்கு உட்கார்ந்தவர்கள் நாங்கள். பேசவும் கூட்டம் போடவும் உரிமை கொடு. விளம்பரப் பிரிவின் பெரியவர் அப்போதுதான் கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்கினார். “இது இப்ப கேக்குற மாதிரி இருக்கே” என்றார்.

கடைசியில் மிஞ்சியது ஒன்று. வெள்ளைக்கார நிர்வாகியோ கிராணியோ எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழி. நாங்கள் சைக்கிளில் உட்கார்ந்தபடியே போவோம். இது எல்லாருக்கும் பிடித்துவிட்டது. “க்யூட்டா இருக்கு! விஷுவல் இருக்கு!”

க்யூட். மனுஷன் தன் காசில் வாங்கிய சைக்கிளில் குந்தியிருக்கப் பட்டாளத்தோடு மோத வேண்டியிருந்தது. அதே வருடம் டிசம்பரில் ஜப்பான்காரன் கோத்தா பாருவில் இறங்கினான். தெற்கே கோலாலம்பூருக்கு எதில் வந்தான் தெரியுமா? சைக்கிளில்தான். எந்தத் துரைக்காகவும் இறங்கவில்லை. துரைமார்தான் சிங்கப்பூர் வரை ஓடினார்கள். இதைப் பெட்டிச் செய்தியாகப் போடலாம் என்றேன். ஜப்பானியக் கார் விளம்பரம் ஒன்று பேச்சுவார்த்தையில் இருக்கிறதாம்.

கூட்டம் கலையும்போது, “தணிக்கைப் பிரச்சினை வராதில்ல?” என்று ஒருவர் பயந்து கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. இந்த நாட்டில் ஆவணப்படத்துக்கு விளம்பரம் செய்யத் தெரிந்த ஒரே அமைப்பு உள்துறை அமைச்சு. 2006இல் அமீர் முஹம்மட் எடுத்த ‘லெலாக்கி கொமுனிஸ் தெராக்கிர்’ தணிக்கை வாரியத்தில் ஒரு வெட்டும் வாங்காமல் தேறிய படம். சும்மா விட்டிருந்தால் நாலு பேர் பார்த்துக் கொட்டாவி விட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். அமைச்சு தடை போட்டது. பெயர் கேள்விப்படாதவனும் தேட ஆரம்பித்தான். 2020இல் ஊரடங்கின்போது வெளிநாட்டுத் தொழிலாளர்களை வளைத்துப் பிடித்ததை அல் ஜஸீரா காட்டியது. அதன் அலுவலகத்தில் சோதனை, படத்தில் பேசிய வங்காளதேசத்து இளைஞரைப் பிடித்து நாடு கடத்தினார்கள். நாதனுக்குக் கப்பல், இவருக்கு விமானம். எண்பது வருட வளர்ச்சி அதுதான். வீடியோ எடுக்கிற எவரும் தேசியத் திரைப்பட மேம்பாட்டுக் கழகமான ஃபினாஸின் உரிமம் வாங்க வேண்டும் என்று தகவல் தொடர்பு அமைச்சர் நாடாளுமன்றத்தில் சொல்ல, டிக்டாக் போடும் பிள்ளைகள்வரை கொதித்ததும் பேச்சு மாறியது.

இவற்றில் எனக்கு ஆறாதது 2013 ஜூலை 3. ஈழப் போரின் கடைசி மாதங்களைக் காட்டும் ‘நோ ஃபயர் ஸோன்’ படத்தைக் கோலாலம்பூர் சிலாங்கூர் சீனர் அசெம்பிளி மண்டபத்தில் திரையிட்டார்கள். (தமிழன் செத்த படத்துக்குச் சீனர் மண்டபம். நம்முடைய மண்டபங்களைக் குறை சொல்லவில்லை. அங்கே கல்யாணத்துக்குத் தேதி கிடைப்பதே கஷ்டம்.) அதிகாரிகளும் போலீசும் வந்தார்கள். ஏற்பாடு செய்தவர்களில் ஒருவரான லீனா ஹென்ட்ரிமேல் 2002ஆம் ஆண்டுத் திரைப்படத் தணிக்கைச் சட்டப்படி வழக்கு. 2016இல் விடுதலை. அரசுத் தரப்பு விடவில்லை. 2017இல் குற்றவாளி, 10,000 வெள்ளி அபராதம். மருத்துவமனைமேல் குண்டு விழுவதைக் காட்டியதற்குத் தண்டனை. படத்துக்குத் தணிக்கைச் சீட்டு இல்லையாம். குண்டு போட்டவனிடம் யார் சீட்டுக் கேட்டார்கள்?

எங்கள் படத்துக்கு அந்தப் பயமே வேண்டாம் என்று கேட்டவரிடம் சொன்னேன். பிடிப்பதற்கு அதில் ஒன்றும் மிச்சமில்லை. இதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு அவர் என் தோளில் தட்டினார்.

சனிக்கிழமை காலையில் கிள்ளானில், தெங்கு கிளானா சாலையில் நடுப்பக்கத்துக்குப் படம் பிடித்தார்கள். பூக்கடைக்கு முன்னால், துணி தொங்கும் தூண்களுக்கு நடுவே, ஓர் அங்கிளிடம் வாடகைக்கு எடுத்த பழைய ஆண்கள் சைக்கிள். தொகுப்பாளினி பட்டுச்சேலையில் அதன்மேல் ஏறி உட்கார அரைமணி நேரம் ஆயிற்று. பாவம், நல்ல பெண். ஸ்கிரிப்டை முழுக்கப் படித்திருந்தார். ஹேண்டில்பாரைப் பிடித்து நிமிர்ந்து, கேமராவை நேராகப் பார்த்தார். அந்த ஒரு நொடி படம் எடுத்திருந்தால் நான் ஒரு வார்த்தையும் பேசியிருக்க மாட்டேன்.

அதற்குள் வெள்ளைக் கார் வந்து நின்றது. வீடமைப்பு நிறுவனத்தின் பெரியவர் தாமே படத்தில் நிற்க ஆசைப்பட்டாராம். விளம்பரப் பிரிவு பதறியது. “டத்தோ வந்துட்டாரு. சிஸ், கொஞ்சம் எறங்கி நில்லுங்க.”

தொகுப்பாளினி இறங்கினார். சைக்கிளை ஸ்டாண்டு போட்டு ஓரமாகத் தள்ளி வைத்தார்கள். டத்தோ நடுவில் நின்றார்.

அங்கே இருந்த ஒருவருக்கும் ஒன்றும் உறைக்கவில்லை. உறைத்தது எனக்கு ஒருவனுக்குத்தான். நானும் வாயைத் திறக்கவில்லை, இரண்டு மாதப் பில் பாக்கி நிற்கிறது. அந்தப் படம்தான் வலப்பக்கம் முழுக்கப் போகிறது. அடியில் போட ஒரு வரி அனுப்பியிருந்தார்கள்: “வரலாற்றோடு கைகோர்த்து நிற்கிறோம்.” கைகோத்து என்று எழுதுங்கள், நடுவில் ‘ர்’ வேண்டாம் என்று திருத்தி அனுப்பினேன். நான் சொன்னதில் அது ஒன்றை மட்டும் உடனே ஏற்றுக்கொண்டார்கள்.