சீடன் கிடைக்காத குரு

அப்போது லினக்ஸ் என்றால் கணினி இதழோடு இலவசமாக வரும் சிடி. நிறுவுவதுகூடப் பெரிதில்லை, அதற்கப்புறம் ஏதோ ஒரு கோப்பில் ஒரு வரியைத் திருத்தச் சொல்லும், அங்கேதான் சோதனை. எந்த எடிட்டர் நல்லது என்று கல்லூரி ஆய்வகத்து சீனியர்களைக் கேட்டால், பதிலுக்கு முன் ஒரு இளக்காரப் பார்வை வரும். பிறகு அருள்வாக்கு: "விஐ கத்துக்கடா தம்பி. எங்க போனாலும் இருக்கும்."

இருந்தது. 1976-ல் பில் ஜாய் எழுதியது, யூனிக்ஸ் போன இடமெல்லாம் போயிருந்தது. திறந்து தட்டினால் எழுத்து விழாது; முதலில் 'ஐ' விசையை அமுக்கி அனுமதி வாங்க வேண்டும். நகர்வதற்கு எச், ஜே, கே, எல். பில் ஜாய் பயன்படுத்திய ஏடிஎம்-3ஏ முனையத்தில் அம்புக்குறிகள் அந்த நான்கு விசைகளின்மேல்தான் அச்சாகியிருந்தனவாம். அவர் மேசையில் இருந்த விசைப்பலகைக்காக நாங்கள் விரல் பழக்கினோம். சேமிக்காமல் வெளியேற எஸ்கேப், முக்காற்புள்ளி, 'க்யூ', ஆச்சரியக்குறி, கடைசியில் என்டர். அந்தக் குறி, வெளியே வந்துவிட்ட ஆச்சரியம் போலும்.

எதிர்க்கட்சி ஈமாக்ஸ். ஈமாக்ஸை உருவாக்கிய ஸ்டால்மன் வழிவந்தவர்கள். அதற்குள்ளேயே மின்னஞ்சல் படிக்கலாம், டெட்ரிஸ் ஆடலாம். மனம் நொந்தவர்களிடம் ஆறுதலாகப் பேச்சுக்கொடுக்க 'டாக்டர்' என்றொரு வசதியும் உண்டு. முன்யோசனைக்காரர்கள்.

இரு கட்சியும் வாய் திறக்காத பெயர் நேனோ. பைன் மின்னஞ்சல் நிரலோடு வந்த பைக்கோ எடிட்டரின் உரிமம் முழுச் சுதந்திரம் தராததால், அதற்கு மாற்றாக 1999-ல் பிறந்தது. திரையின் அடியில் இரண்டு வரி: எந்த விசை என்ன செய்யும், எதை அமுக்கினால் வெளியே போகலாம். அவ்வளவுதான் பாடம். கற்றுத்தர ஒன்றுமில்லாததைப் பரிந்துரைத்து யார் குருவாவது?

இப்போது எல்லாம் மாறிவிட்டது, சந்தேகத்தை இணையத்தில்தான் கேட்கிறார்கள். விஐயின் வாரிசான விம்மிலிருந்து வெளியேறுவது எப்படி என்ற ஸ்டேக் ஓவர்ஃப்ளோ கேள்வியை 2017-க்குள் 10 லட்சம் முறைக்கு மேல் பார்த்துவிட்டார்கள். லினக்ஸை 2001-ல் புற்றுநோய் என்றவர் மைக்ரோசாஃப்டின் அன்றைய தலைமைச் செயல் அதிகாரி ஸ்டீவ் பால்மர். அதே நிறுவனம் 2015-ல் கொண்டுவந்த விஎஸ் கோட் எடிட்டரை லினக்ஸ் பிள்ளைகள் தேடிப்பிடித்து நிறுவுகிறார்கள். 2025-ல் அந்த நிறுவனம் 'எடிட்' என்ற குட்டி எடிட்டரையும் திறந்த மூலமாக வெளியிட்டது. மெனு இருக்கிறது, லினக்ஸிலும் ஓடுகிறது. எங்கள் கட்சிகள் பல ஆண்டுகளாகச் சண்டை போட்டுக்கொண்டிருக்க, புதியவரை வாசலில் நின்று வரவேற்கிறவர் பழைய எதிரி.

உபுண்டு லினக்ஸ் போட்ட அக்கா மகன் கேட்டான்: "மாமா, டெர்மினல்ல ஒரு ஃபைல மாத்தணும். எதுல திறக்க?"

என் இத்தனை வருட விஐ புலமையும் தொண்டைக்குள் முட்டியது. விழுங்கிவிட்டு, "நேனோ" என்றேன்.

திறந்தான். அடியில் இருந்ததைப் படித்தான். மாற்றினான், சேமித்தான், மூடினான். இரண்டாவது கேள்வியே வரவில்லை. பரிந்துரை அத்தனை சரி. எனக்குத்தான் ஒரு சீடன் நஷ்டம்.