சாளரத்துக்குள் ஒரு தேயிலை மலை

மலாய் மொழியில் ‘தானா ராத்தா’ என்றால் சமநிலம் என்று பொருள். கடல்மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 1,440 மீட்டர் உயரத்தில், எத்திசை நோக்கினும் சரிவே தெரியும் கேமரன் மலையூருக்கு இப்பெயரை இட்டவர் சற்றே குறும்புக்காரராகத்தான் இருந்திருக்க வேண்டும். ஆயினும், இணையத்திலிருந்து இறக்கிய தேயிலை மலைப் படம் கணினியின் நினைவகத்தில் கிடக்கும் நிலைக்கு அப்பெயர் வெகு பொருத்தம். 4,000 புள்ளி அகலமும் 3,000 புள்ளி உயரமும் கொண்ட படத்தில், புள்ளிக்குச் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்கள் வீதம் 3 கோடியே 60 லட்சம் பைட்டுகள் ஒரே வரிசையில் படுத்துக்கொள்ள, மலை முற்றிலும் சமநிலமாகிவிடுகிறது.

இத்தனை சுமையும் அப்படியே வருவதில்லை. 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் ‘போ’ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கிய காலந்தொட்டு இச்சரிவுகளில் நாலைந்து கிலோ பச்சைக் கொழுந்து வாடி, உருண்டு, உலர்ந்து ஒரு கிலோ தூளாவதைப் போல, படமும் ஜேபெக் என்னும் முறையில் சுருங்கி நாலைந்து மெகாபைட்டாகவே வந்து சேர்கிறது. அதை மீண்டும் புள்ளிகளாக விரிக்கும் நிரற்பகுதி வெந்நீரின் வேலையைச் செய்கிறது. ஆனால் வெந்நீர் பட்ட தூள் கொழுந்தாவதில்லை, ஜேபெக்கும் கழித்ததைத் திருப்பித் தருவதில்லை. இப்படத்தைத் திரையில் ஒரு சாளரத்தில் காட்டலாம் என்றாலோ, பைத்தான் நிரல்மொழியோடு வரும் சாளரக் கருவியான டிகின்டர் ஜேபெக்கை வாசலிலேயே நிறுத்திவிடும். பில்லோ என்னும் நூலகம் சிபாரிசு செய்தால்தான் உள்ளே விடும். ஜிஃப் வடிவத்தை அது தடையின்றி ஏற்கும் என்றாலும், ஜிஃபுக்கு வாய்த்த நிறங்கள் 256 மட்டுமே. தேயிலை மலைக்குப் பச்சையிலேயே அத்தனை வேண்டும்.

எல்லாம் முடிந்து சாளரம் திறக்கும்போது, படத்தின் அளவு பிசகாமல், வெறும் சாம்பல் நிறம் விரிகிறது. பிழைச்செய்தி ஒன்றும் இல்லை. பிற்பகல் மூடுபனி இறங்கிய தானா ராத்தாவில் வீட்டுச் சாளரத்துக்கு வெளியிலும் இதே காட்சிதான் என்பதால், படம் சரியாகவே வந்திருக்கிறது என்று நிரலர் நிறைவடையவும் இடமுண்டு. தாய்லாந்துப் பட்டுக்கு உலகச் சந்தை தேடித்தந்த ஜிம் தாம்சன் 1967 மார்ச் 26 அன்று இவ்வூர் மூன்லைட் பங்களாவிலிருந்து வெளியே சென்றவர் இன்றுவரை திரும்பவில்லை. படம் மறைவது அத்தகைய மர்மமன்று. ஒவ்வொரு பொருளையும் எத்தனை பெயர்கள் சுட்டுகின்றன என்று பைத்தான் தோட்டத்துக் கிராணியைப் போலக் கணக்கு வைத்திருக்கிறது. படத்தைத் திறந்த செயற்கூறு, அதாவது ஒரு வேலைக்கென எழுதிய சிறு நிரற்பகுதி, முடிந்ததும் அதனுள்ளிருந்த பெயரும் அழிய, எண்ணிக்கை சுழியாகிப் படம் கேட்பாரற்ற பொருளென்று அப்புறப்படுத்தப்படுகிறது. சாளரத்தில் படத்தைத் தாங்கி நிற்கும் ‘லேபிள்’ என்னும் உறுப்பு அதன் பெயரை அறியுமேயன்றி அதற்கு உரிமை கொண்டாடுவதில்லை. படத்தை லேபிளின் பெயரிலேயே எழுதிவைக்க ஒரு வரி போதும். அவ்வரியைக் கண்டடையும் நேரத்தில் ஒரு சரிவையே கவ்வாத்து வெட்டி முடித்துவிடலாம்.

பின்னர் படம் தெரிகிறது, ஆனால் படுத்தபடி தெரிகிறது. படமெடுத்தபோது கைபேசி எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்ற குறிப்பு படக்கோப்பினுள்ளேயே இருக்க, நிரல் அதைப் படிக்காமல் விடுவதே காரணம். வேறு ஊர்ப் படமென்றால் இக்கோளாறு உடனே புலப்படும்; இம்மலைப் படத்திலோ, கைக்கத்தரியுடன் கொழுந்து வெட்டும் தொழிலாளி காற்றில் கிடையாக நிற்பதைப் பார்க்கும்வரை யாருக்கும் ஐயம் எழுவதில்லை.