இரண்டுமே செல்லும்

ஆர் நிரல்மொழியின் எஸ்4 ஆப்ஜெக்ட் அமைப்பில், எந்த மெத்தட் ஓட வேண்டும் என்பது ஆர்க்யுமெண்டுகளின் கிளாஸைப் பொறுத்தது. நேர்ப் பொருத்தம் கிடைக்காவிட்டால் ஆர் உறவுமுறை பார்க்கும்: தாய் கிளாஸ் 1 படி, பாட்டி 2 படி, படிகளின் கூட்டுத்தொகை குறைந்த மெத்தடுக்கே வேலை.

சம உறவில்தான் வம்பு. (தாய், பிள்ளை), (பிள்ளை, தாய்) என இரு மெத்தடுகளை எழுதிவைத்துவிட்டு இரண்டு பிள்ளைகளை அனுப்பினால், இரண்டுக்கும் தூரம் 1. ஜூலியா மொழியாக இருந்தால் பிழை காட்டி நின்றுவிடும். ஆர் அவ்வளவு கறார் இல்லை. வரிசையில் முன்னால் நிற்பதைக் கூப்பிட்டு வேலையை முடித்துவிட்டு, மற்றதும் செல்லும் என்று ஒரு குறிப்பை அச்சிடும். எச்சரிக்கைகூட அல்ல, வெறும் குறிப்பு. அதுவும் பெரும்பாலும் ஒரே தடவைதான். தேர்ந்ததை நினைவில் வைத்துக்கொள்வதால் அந்த செஷனில் மறுபடி வாய் திறக்காது. இரண்டாம் முறை ஓட்டிப் பார்ப்பவர், கோளாறு தானாகவே சரியாகிவிட்டது என்று டீ குடிக்கப் போய்விடுவார்.

எந்த மெத்தட் ஓடுகிறது என்பதை செலக்ட்மெத்தட் ஃபங்ஷன் காட்டிக்கொடுக்கும். (பிள்ளை, பிள்ளை) என்ற சிக்னேச்சருக்கே செட்மெத்தட் கொண்டு தனி மெத்தட் எழுதினால் தகராறு தீரும். குறிப்பை மட்டும் அடக்க ஆம்பிகுவஸ்மெத்தட்செலக்‌ஷன் என்றொரு ஆப்ஷனும் உண்டு. தேர்வு மாறாது, சத்தம் மட்டும் நின்றுவிடும். அவசரக்காரர்களுக்கு அதுவே போதுமானதாக இருக்கிறது.